இருட்டின் அளவு

ஆடி மாத இரவில் மேகம் இல்லாவிட்டால், தச்சநல்லூர் மொட்டை மாடியிலிருந்து தெற்கே தனுசு ராசி நல்ல உயரத்தில் தெரியும். நம் பால்வீதியின் நடுவே இருக்கும் கருந்துளை அந்தத் திசையில்தான், 27,000 ஒளியாண்டு தொலைவில். அதன் படம் 2022 மே 12 அன்று வெளியானது. பலரும் ஒளி வளையத்தைப் பார்த்து வியந்தார்கள். எனக்கு அதைவிட அழகாகப் படுவது நடுவிலுள்ள இருட்டின் அளவு.

அந்த இருட்டு, உள்ளே போன ஒளி திரும்பாத கருந்துளையின் எல்லை அல்ல. எல்லையின் விட்டத்தைப்போல் சுமார் 2.6 மடங்கு பெரியது. அருகில் வரும் ஒளியையும் ஈர்ப்பு வளைத்து விழுங்கிவிடுவதால் வந்த பெருக்கம் அது. 1919 கிரகணத்தில் சூரியன் விண்மீன் ஒளியை வளைத்தது சுமார் 1.75 ஆர்க்செகண்ட் என்ற நுண்கோணம்தான், இங்கே ஒளி முழுதாக ஒரு சுற்றே சுற்றிவிடுகிறது!

இன்னும் நயமான இடம் ஒன்று உண்டு. கருந்துளையின் நிறையையும் தொலைவையும், அதைச் சுற்றும் விண்மீன்களை வைத்து வானியலாளர்கள் கென்செல், கெஸ் ஆகியோரின் குழுக்கள் முன்பே கணித்துவிட்டன. அந்த இரண்டையும் ஐன்ஸ்டீன் சூத்திரத்தில் போட்டால் இருட்டின் விட்டம் சுமார் 50 மைக்ரோ ஆர்க்செகண்ட் என்று வருகிறது. இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்க எதுவும் மிச்சமில்லை. அளந்த வளையமோ 52. ஈர்ப்பு விதியைத் திருத்தும் கோட்பாடுகள் பல இந்த இருட்டைப் பெரிதாக்கும் அல்லது சுருக்கும்; மிகையாக மாற்றுபவை இந்த அளவீட்டோடு ஒத்துப்போகவில்லை.

ஒளிரும் வாயு நடுவில் இல்லாததால்தான் இருட்டோ என்று கேட்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த ரமேஷ் நாராயண் 2019இல் இருவரோடு சேர்ந்து இதற்கு விடை சொன்னார். எல்லாப் பக்கமிருந்தும் சீராக விழும் வாயு எந்த இடத்தோடு நின்றாலும் இருட்டின் அளவு மாறாது. அதைத் தீர்மானிப்பது வாயு அல்ல, ஒளியின் பாதை. அவர்களது ஆய்வுக் கட்டுரையின் எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

வளையத்துக்குள்ளும் அடுக்குகள் உண்டு. பிரகாரத்தில் பாதி சுற்றி வெளியேறுபவர், முழுச் சுற்று வருபவர், ஒன்றரைச் சுற்று வருபவர் என்பதுபோல் ஒளியும் பிரிகிறது. சுழலாத கருந்துளையில், ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் வளையம் ஏறத்தாழ 23 மடங்கு மெலிகிறது. இழை இழையான அந்த வளையங்களைப் பிரித்துப் பார்க்க, பூமியெங்கும் பரப்பி வைத்த ஆன்டெனாக்களுக்குக் கிடைக்கும் பூமியின் அகலம் போதாது. விண்வெளியிலும் ஆன்டெனா வேண்டும். அது அமையும்போது, ஐன்ஸ்டீனைத் திருத்த வரும் எந்தக் கோட்பாடும் அந்த இழைகளுக்கும் கணக்குக் காட்டியாக வேண்டும்.