ஐந்து வாட் யாருடையது?

விடுமுறைக்கு வெளிநாடு போகும் ஹாம் ரேடியோக்காரர்கள் எழுதும் பயணக் குறிப்புகளை நான் விடாமல் படிப்பவன். ஒரு ஐம்பது படித்துவிட்டால் போதும், ஐம்பத்தோராவதை நீங்களே எழுதிவிடலாம். முதுகுப்பையில் ஒரு சின்ன டிரான்ஸ்சீவர், லித்தியம் பேட்டரி, பத்து மீட்டர் ஒயர். மலையிலோ கடற்கரையிலோ ஒரு மரம். ஒயரை மரத்தில் எறிந்து மாட்டிக் கூப்பிட்டதும் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒருத்தர் பதில் சொல்கிறார். "வெறும் அஞ்சு வாட்!" என்ற வியப்போடு குறிப்பு முடிந்துவிடும். நடுவில் பெட்டியின் பெயர், எடை, விலை எல்லாம் வந்திருக்கும். ஊர் மட்டும் வந்திருக்காது.

பழக்கமில்லாதவங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் வைத்து இயக்கும் ஹாம் நிலையம் பொதுவாக 100 வாட். மோர்ஸில் 5 வாட், குரலில் 10 வாட்டுக்குள் நின்றுகொள்வதை கியூஆர்பி என்பார்கள். அது ஒரு விரதம் மாதிரி, கடைப்பிடிப்பவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையில்தான் எனக்குத் தகராறு. அது தப்பான ஆளுக்குப் போய்ச் சேருகிறது.

கணக்கைப் பார்ப்போம். 100 வாட்டை 5 ஆக்கினால் இருபதில் ஒரு பங்கு. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் டெசிபலில் அது 13தான். ரேடியோவில் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபல். அதாவது எஸ்-9ல் கேட்டுக்கொண்டிருந்தவர் எஸ்-7க்கு இறங்குவார், அவ்வளவுதான். அமைதியான இடத்தில் எஸ்-7 என்பது சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிற சிக்னல். எதிர்முனைக்காரர் கோபுரத்தின் மேல் மூன்று உறுப்பு யாகி வைத்திருந்தால், இழந்த 13ல் ஐந்தாறு டெசிபலை அவரே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அவர் செலவில் எழும்பிய கோபுரத்தைப் பற்றிப் பயணக் குறிப்பில் ஒரு வரி இருக்காது.

2017ல் வந்த எஃப்டி8 முறையில் நிலைமை இன்னும் வேடிக்கை. காதுக்கே எட்டாத சிக்னலைக் கணினி பிரித்தெடுத்துக் கொடுக்கும். அதில் 5 வாட்டைச் சாதனை என்று எழுதுவது, மின்தூக்கியில் ஏறிவிட்டு மாடிப்படியை எண்ணுவது போல.

பழனி மலைக்கு வருவோம். கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியை வெளியூர்க்காரர்களுக்குத் தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கும் ஊராகத்தான் தெரியும். மற்றபடி பூண்டு, கேரட், பீன்ஸ் போடும் அடுக்கு வயல்கள், தைல மரங்கள், மதியத்துக்கு மேல் ஏறிவரும் மேகம். ஒயர் கட்ட மரத்துக்குப் பஞ்சமில்லை. விடுமுறைக் குறிப்பு எழுதுபவர் இங்கே வந்தால் "மலை உயரம் கைகொடுத்தது" என்று கண்டிப்பாக எழுதுவார்.

உயரம் எதற்குக் கைகொடுக்கும் என்று பிரித்துப் பார்க்கணும். கோடைப் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்குக் கேட்பதற்கு 10 கிலோவாட் ஒரு காரணம், மலை இன்னொரு காரணம். அந்த அலை நேர்கோட்டில் போவது, உயரத்திலிருந்து விட்டால் தூரம் போகும். ஆனால் 14 மெகாஹெர்ட்ஸ் சிற்றலை வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. முந்நூறு கிலோமீட்டர் உயரக் கூரைக்கு நம்ம இரண்டு கிலோமீட்டர் ஒரு கணக்கே இல்லை. பள்ளத்தாக்கைப் பார்த்த சரிவில் ஒயர் கட்டினால் அலை தாழ்வான கோணத்தில் கிளம்பும், அந்த லாபம் உண்மை. அது சரிவு தருவது.

மலை உண்மையில் கொடுப்பது வேறு. சென்னையில் என் வீட்டில் ரேடியோவைப் போட்டால், யாரும் பேசாதபோதே மீட்டர் எஸ்-7ல் நிற்கும். எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் எல்லாம் சேர்ந்த இரைச்சல். ஐந்து வாட்காரர் எஸ்-7ல் வந்தால் என்னைப் பொறுத்தவரை அவர் உலகத்திலேயே இல்லை. அதே ரேடியோ அட்டுவம்பட்டியில் எஸ்-2ல் அடங்கிக் கிடந்தது. அங்கேயும் இரைச்சல் உண்டு. காட்டுமாடு வராமல் இருக்கப் போட்ட சோலார் வேலி ராத்திரி முழுக்க டிக் டிக் என்று காதில் விழும். ஆனாலும் ஐந்து படி, அதாவது 30 டெசிபல் வித்தியாசம். சக்தியைக் குறைத்து வாயில் விட்டது 13, ஊரை மாற்றிக் காதில் பெற்றது 30. இந்த இரண்டாவது எண்ணைப் பயணக் குறிப்புகளில் நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. எல்லாரும் தாங்கள் எவ்வளவு தூரம் கேட்டோம் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு தூரம் கேட்கப்பட்டோம் என்றே எழுதுகிறார்கள்.

இன்னொரு பங்காளி சூரியன். அட்டுவம்பட்டியிலிருந்து சில கிலோமீட்டரில் 1899ல் அமைந்த சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1909ல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்த இடம். 1904லிருந்து சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் புள்ளிகள் ஏறினால் சிற்றலை வானம் திறக்கும், இறங்கினால் மேல் அலைவரிசைகள் மூடிக்கொள்ளும். 2019 டிசம்பரில் அடிமட்டம், 2024ல் உச்சம். அதே பெட்டி, அதே ஒயர், அதே 5 வாட் 28 மெகாஹெர்ட்ஸில் 2019ல் பெரும்பாலும் சும்மா கிடந்திருக்கும், 2024ல் கண்டம் தாண்டியிருக்கும். தேதி போடாத சாதனைக்கு அதனால்தான் நான் மதிப்பெண் தருவதில்லை.

கொடைக்கானலுக்குத் தனிக் குணமும் உண்டு. காந்த நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், பொழுது சாய்ந்ததும் இங்கே மேலே உள்ள அயனி அடுக்கு சில நாட்களில் நுரை மாதிரி கலங்கிவிடும். சிக்னல் படபடவென்று நடுங்கும். அந்த ஆய்வகத்தில் 1950களிலிருந்து ரேடியோ துடிப்பை மேலே அனுப்பி இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் "என் ஒயர் காற்றில் ஆடுது போல" என்று எழுதுவார்.

இதெல்லாம் வெறும் ரசனைச் சண்டை இல்லை. "சின்னப் பெட்டி இருந்தால் பேரிடரில் உயிர் காக்கும்" என்ற நம்பிக்கை இந்தக் குறிப்புகளிலிருந்துதான் பரவுகிறது. அதற்குச் சாட்சியாக எப்போதும் காட்டுவது 2004 அந்தமான். ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு, பாரதி பிரசாத் தலைமையில், சிறப்பு அனுமதி வாங்கி அந்த டிசம்பரில் போர்ட் பிளேரில் நிலையம் போட்டிருந்தது. 26ஆம் தேதி சுனாமி. அவர்களுடைய ரேடியோ வழியாகச் செய்திகள் நிலப்பகுதிக்கு வந்தன. நடந்தது பெரிய விஷயம். ஆனால் அது ஐந்து வாட் கதை இல்லை. பல ஆண்டுகளாக அந்தமானிலிருந்து ஹாம் குரலே இல்லாததால், அந்த மாதம் முழுக்க உலக ஹாம்கள் அந்த நிலையத்துக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தார்கள். கேட்க ஆள் தயாராக இருந்த இடத்தில் பேரிடர் வந்தது. பையில் பெட்டியோடு மலையேறுபவருக்கு அப்படி ஒரு கூட்டம் எதிர்முனையில் காத்திருக்காது. அதை நம்பி ஒருத்தர் காட்டுக்குள் போனால் அது ஆபத்து.

அனுமதி விஷயமும் குறிப்புகளில் நழுவிவிடுகிறது. ஐரோப்பாவில் ஒரு நாட்டு முழு லைசென்ஸ் வைத்துக்கொண்டு பல நாடுகளில் அப்படியே பேசலாம், அதற்கான செப்ட் ஒப்பந்த ஏற்பாடு இருக்கிறது. இந்தியா அதில் இல்லை. லண்டனில் லைசென்ஸ் வாங்கிய நம் வீட்டுப் பிள்ளை, பிரான்ஸில் இறங்கியதும் மோர்ஸ் சாவியைத் தட்டலாம். சொந்த ஊர் பார்க்க வந்து அட்டுவம்பட்டியில் தட்ட முடியாது, இங்கே தனியாக அனுமதி வாங்கணும். சாட்டிலைட் போன் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் பிடிபட்ட செய்திகளைப் படித்திருப்பீங்க. ஐரோப்பியக் குறிப்பைப் படித்துவிட்டு அதே பையை இங்கே தூக்கி வருபவருக்கு அந்த எழுத்து வழிகாட்டி ஆகாது.

பாராட்ட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான் இருபது ஆண்டுகளுக்கு முன் வடிவமைத்த பிட்எக்ஸ் ரேடியோவில், கிடைக்காத ஃபெரைட் வளையத்துக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாய் வாஷரில் கம்பி சுற்றினார். அவர் எழுதிய விளக்கத்தில் எந்தப் பாகம் ஏன், இல்லாவிட்டால் எதைப் போடலாம் என்று எல்லாம் இருந்தது. படித்தவர்கள் உலகம் முழுக்கச் செய்து பார்த்தார்கள். விடுமுறைக் குறிப்பிலும் அந்த அளவு நேர்மையை எதிர்பார்ப்பது அதிகமில்லை. தேதி, நேரம், இரைச்சல் அளவு, எதிர்முனையின் ஆண்டெனா. அதோடு, பதில் வருவதற்கு முன் எத்தனை தடவை கூப்பிட்டுப் பதிலில்லாமல் உட்கார்ந்திருந்தீங்க என்பதும்.