பின்னிருக்கையிலிருந்து ஒரு மதிப்புரை

சிங்கப்பூரில் ஒரு காரின் ஆயுளை முடிவுசெய்வது எஞ்சின் அல்ல, சிஓஇ. பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ் முடிந்ததும் மாமா தன் ஜப்பானியச் சொகுசு செடானைக் கொடுத்துவிட்டு, ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடான் எடுத்தார். எடுக்கச் சொன்னவன் நான். நான்யாங்கில் இயந்திரப் பொறியியல் படித்தவன், ஒரு மாதமாகக் கார் மதிப்புரைகளை வாசித்துத் தள்ளியவன் என்ற தகுதியில்.

அம்மாச்சிக்கு 82 வயது. ஞாயிறுதோறும் சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயில், பிறகு தேக்கா. பத்து வருடமாகக் காரின் பின்னிருக்கை அவருடையது. புதிய காரில் முதல்முறை போய்வந்து இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “காரு நல்லாத்தான்டா இருக்கு. அடுத்த வாரம் நான் பஸ்ல வந்துக்கிறேன்.”

நான் வாசித்த ஒரு மதிப்புரையிலும் இந்த வாக்கியம் இல்லை. ஏன் இல்லை?

ஸ்போர்ட்ஸ் செடான் என்ற ரசனை பரவியதில் ஒரு விமர்சனக் கட்டுரைக்குப் பெரிய பங்குண்டு. 1968 ஏப்ரலில் ‘கார் அண்ட் டிரைவர்’ என்ற அமெரிக்க இதழில் பிஎம்டபிள்யூ 2002 பற்றி டேவிட் ஈ. டேவிஸ் எழுதியது. அக்கம்பக்கத்தார் பார்க்கவேண்டும் என்று பெரிய கார் வாங்குகிறவர்களைக் கிண்டலடித்துவிட்டு, பெட்டி மாதிரி இருக்கும் இந்தச் சின்னக் கார் ஓட்டுகிறவனுக்குத் தரும் சந்தோஷத்தை அவர் கொண்டாடினார். அந்தஸ்துக்கு எதிராக அனுபவத்தை நிறுத்திய எழுத்து அது. பின்னால் வந்தவர்களோ அவருடைய இருக்கையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், கேள்வியை விட்டுவிட்டார்கள்.

இன்றைய மதிப்புரையின் உச்சக்கட்டம் ஓர் எண். பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை விநாடி? நம் விரைவுச்சாலைகளில் உச்ச வரம்பே 90. நூறைத் தொட்டால் அபராதம். ரேஸ் கோர்ஸ் ரோட்டின் பெயருக்குக் காரணமான குதிரைப் பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. இன்று அந்தத் தெருவில் நாற்பதில் போனாலே அதிகம். 2023 அக்டோபரில் ‘பி’ பிரிவு சிஓஇ மட்டும் 1,50,001 வெள்ளி. இவ்வளவு கொடுத்து இந்த ஊரில் இந்தக் காரை எங்கே அனுபவிப்பது என்று அந்த எண் சொல்வதில்லை.

இன்னொன்றையும் அது சொல்வதில்லை. சொகுசுக் காரின் ஸ்பிரிங்குகள், வண்டியின் உடல் விநாடிக்கு ஏறக்குறைய ஒருமுறை மெதுவாக ஏறி இறங்கும்படி அமைந்திருக்கும். ஸ்போர்ட்ஸ் வகையில் அசைவு சிறியது, ஆனால் வேகமானது. டயரின் பக்கச்சுவரும் குட்டை என்பதால் பள்ளம் மேடு நேராக மேலே வரும். முக்கியமானது, ஓட்டுநர் இரண்டு அச்சுகளுக்கும் இடையில் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் இருப்பவரோ பின் அச்சுக்குப் பக்கத்தில். வளைவு வரப்போவது ஸ்டியரிங்கைப் பிடித்தவருக்கு முன்பே தெரியும், அம்மாச்சிக்கு வளைந்த பிறகுதான் தெரியும். ஒரே கார்தான், ஆனால் இரண்டு வாசிப்பு. அதில் ஒன்றை மட்டும் ‘கார் இப்படித்தான்’ என்று அச்சடித்துவிடுகிறோம்.

தமிழில் இதற்கு நேர்மாறான ஒரு பக்கம் உண்டு. 1966இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழையில் நனைந்து நிற்கும் பெண்ணின் கண்களால்தான் அந்தப் பெரிய காரைப் பார்க்கிறோம். ஸ்டியரிங் அவள் கையில் இல்லை. அந்தச் சொகுசுக்கு என்ன விலை என்பது கதை முடிவதற்குள் நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஏறி உட்கார்ந்தவரின் பார்வையில் எழுதினால் காரின் அர்த்தமே மாறும் என்பதற்கு எனக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை.

அப்படியென்றால் மாமா தப்பான காரை எடுத்துவிட்டாரா? அவரிடமே கேட்டேன்.

“பத்து வருஷம் உங்க எல்லாருக்கும் டிரைவரா இருந்தேன்டா. ஆஸ்பத்திரி, டியூஷன், கோயில். ஒருநாளாவது நான் கார் ஓட்டினேனா? உங்கள ஏத்தி இறக்கினேன், அவ்வளவுதான்.”

இப்போது இரவு பதினொரு மணிக்குமேல் தனியாக ஒரு சுற்றுப் போய்வருகிறார். எங்கே என்றால் “சும்மாதான்” என்கிறார். டேவிஸ் எழுதியது இவரைப் பற்றித்தான், அது பொய்யில்லை. ஆனால் என் சிபாரிசில் அம்மாச்சி இல்லை. முதுகெலும்புள்ள ஒரு வாசகியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

பொறியியல் கொஞ்சம் உதவியது. அம்மாச்சியை முன்னிருக்கைக்கு மாற்றினோம். இருக்கை தாழ்வு, இறங்கும்போது கை கொடுக்க வேண்டும். மற்றபடி பஸ் பேச்சு நின்றுவிட்டது. மாமாவும் வளைவுக்கு முன்பு “பிடிச்சுக்கம்மா” என்கிறார்.

பின்னால் நான் உட்கார்ந்து ஒவ்வொரு வேகத்தடையையும் எண்ணிக்கொண்டு வருகிறேன். அடுத்த மதிப்புரை எழுதப்போகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வரலாம். என் பக்கத்தில் இடம் இருக்கிறது.