வெங்காயச் சவ்வு

தாராபுரம் வட்டாரத்தில் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளி உயிரியல் ஆய்வகத்துக்கு அதில் ஒன்று போதும். சாறு நிறைந்த இதழைப் பட்டென்று ஒடித்தால், உட்குழிவில் கண்ணாடிக் காகிதமாய் ஒரு சவ்வு ஒட்டி நிற்கும். இடுக்கியால் அதன் ஓரத்தைப் பிடித்து நிதானமாக இழுக்க வேண்டும். தேர்ந்த விரல்களுக்கு அது கிழியாமல் வரும். உடனே தண்ணீரில் விடாவிட்டால் சுருண்டுகொள்ளும். அதன் கனம் ஒரே ஒரு செல்! அதனால்தான் வெளிச்சம் தடையின்றி ஊடுருவுகிறது.

கண்ணாடித் தகட்டில் விரித்த சவ்வின் மேல் சாஃப்ரனின் சாயம் ஒரு சொட்டு, பிறகு அதை மூடும் கவர் ஸ்லிப். ஊசியில் சாய்த்து, ஒரு பக்கமாக மெல்ல இறக்கும் அந்தப் பொறுமையைத்தான் நான் மிகவும் ரசிப்பேன். அவசரப்பட்டால் காற்றுக்குமிழி புகுந்துவிடும். கறுத்த விளிம்புள்ள அந்த வட்டத்தையே செல் என்று வரைந்துவிடும் பிள்ளைகள் உண்டு. நுண்ணோக்கியின் திருகைச் சற்றே திருப்ப, மங்கல் விலகி, நீண்ட செல்கள் இடைவெளியின்றி வரிசை வரிசையாகத் துலங்கும். ஒவ்வொன்றிலும் சிவப்பேறிய உட்கரு, பெரும்பாலும் ஓரமாக ஒதுங்கியிருக்கும். நடு இடம் முழுவதும் சாறு நிறைந்த வாக்குவோலுக்கு. பசுங்கணிகம் மட்டும் தேடினாலும் கிடைக்காது. மண்ணுக்குள் விளைந்த இதழுக்கு வெயிலோடு என்ன வேலை?