கூத்திற் பிற்பாட்டும் திரையிசையிற் பல்லவியும்

மட்டக்களப்புக் கூத்தைக் காணவரும் நகரத்தவர் முதலிற் கூறும் குறை, பாடியதையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள் என்பதாகும். கூத்தர் ஒரு தருவைப் பாடுகின்றார். அண்ணாவியாரின் மத்தளத்தோடு நிற்கும் பிற்பாட்டுக்காரர் அவ்வடிகளையே ஏற்று மீண்டும் பாடுகின்றனர். கூத்தர் அதற்கு ஆடுகின்றார். விடியும்வரை இதுவே நிகழும். வட்டக்களரியைச் சூழ இருப்போர் அனைவர்க்கும் சொல் எட்டவேண்டும், ஆடுபவர்க்கு மூச்சு ஆறவேண்டும் என இதற்குக் காரணம் காட்டுவர். அவை மெய்யே, ஆயினும் போதா.

மகனைப் போரில் இழந்த தாய் களரியிற் புலம்புகின்றாள். அப்புலம்பல் அவளுக்குரியது. அதே அடிகளைப் பிற்பாட்டுக்காரர் பாடும்போது அது யாருக்குரியது? வேடம் புனையாத, எந்தப் பாத்திரத்தையும் ஏற்காத ஊரவர் சிலரின் குரலில் அது ஒலிக்கின்றது. துயரம் பாத்திரத்தை விட்டு ஊரிடம் பெயர்ந்து, அடுத்த அடியோடு மீண்டும் தாயிடமே வந்து சேர்கின்றது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் கனம் ஏறுகின்றது. செத்தவீட்டு ஒப்பாரியைக் கேட்டவர்க்கு இது புதிதன்று.

திரைப்பாடலிலும் மீட்சி உண்டு. சரணம் முடியுந்தோறும் பல்லவி திரும்புகின்றது. நல்ல பாடலில், சரணம் கூறியவற்றைச் சுமந்து வருவதால், முன்னர் கேட்ட சொற்களே வேறு பொருள் தருகின்றன. (ஆயினும் நம்மிற் பலருக்குப் பல்லவி மட்டுமே மனப்பாடம்.) ஆனால் இங்கே பெரும்பாலும் பாடிய குரலே மீண்டும் பாடுகின்றது, உணர்ச்சி ஒருவர் நெஞ்சுக்குள்ளேயே சுழல்கின்றது. கேட்பவரும் தனிமையிலேயே அதனை முணுமுணுக்கின்றார். கூத்தின் மீட்சியையும் இதனையும் ஒன்றெனக் கொள்ளல் பொருந்தாது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962 இல் கர்ணன் போரையும் 1964 இல் இராவணேசனையும் தயாரித்தபோது, இரவு முழுவதும் ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணிநேரத்துள் அடங்கியது. திரும்பப் பாடுதல் பெரிதும் குறைந்தது. இராவணேசனுக்கு இது நன்மையே செய்தது. வீழ்ச்சியை நோக்கிச் செல்லும் ஒரு தனிமனிதனின் மனப்போராட்டம் படிப்படியாக வளர்ந்து உச்சங்கொள்ள வேண்டுமாயின், அடிக்கொருதரம் அதனை ஊர் வாங்கிக்கொள்ளுதல் தடையாகும். அவ்வெட்டு அந்நாடகத்தின் தேவையிற் பிறந்தது. அதனை எல்லாக் கூத்துக்கும் விதியாக்கியதுதான் பின்வந்தோர் சிலரின் பிழை. வீரர் இருவர் ஒருவரையொருவர் இகழ்ந்து பாடும் போர்த்தருக்களிற் பாதியை நீக்கினும் கதை குன்றாது. புலம்பலிற் பிற்பாட்டை நீக்கின், களரியில் ஒருபோதும் தனித்திராத அத்தாய் மேடையில் தனித்துவிடுகின்றாள். கூத்தைச் சுருக்க முனைவோரோ பெரும்பாலும் முதலிற் கைவைப்பது புலம்பலிலேயே. வரவு ஆட்டங்கள், கண்ணுக்கு விருந்தாதலின், தப்பிவிடுகின்றன.