பதினோரு மணிக்கு எத்தனை பஸ்?

ஜாரெட் வாக்கரின் 'ஹ்யூமன் ட்ரான்சிட்' புத்தகத்தை இரண்டாவது முறையாகப் படித்து முடித்தேன். 2011இல் வந்த புத்தகம், 2024இல் திருத்திய பதிப்பும் வந்துவிட்டது. பஸ் பற்றி யோசிக்கிற யாரும் படிக்கலாம். ஆனா எனக்கு அதோட ஒரு சண்டை இருக்கு.

முதலில் அவர் சொல்வதில் எது சரி என்று பார்த்துவிடுவோம். பீக் ஹவர்ல கூட்டம் பிதுங்குது, அப்போ நிறைய பஸ் விடு, மத்த நேரம் காலியா ஓடுது, குறைச்சிடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஓடுவதற்காகவே ஒரு பஸ் வாங்கினால், மீதி நேரம் அது டெப்போவில் நிற்கும். ஓட்டுநருக்கு அந்த நான்கு மணி நேரத்துக்கு மட்டும் சம்பளம் கொடுத்துவிட முடியாது. கூட்டமும் ஒரே திசையில்தான், திரும்பி வரும்போது வண்டி காலி. ஆக, நிரம்பி வழியும் பஸ்தான் செலவு அதிகமான பஸ். இதற்காக அவர் ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காயும் இல்லை. அவர் நிறுவனமும் பங்கெடுத்து, 2015 ஆகஸ்டில் ஹூஸ்டன் நகரம் தன் பஸ் வழித்தடங்களை ஒரே நாளில் மாற்றியமைத்தது. 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பது வாரத்தின் ஏழு நாளும் கிடைக்கும் தடங்களுக்கு வரைபடத்தில் சிவப்பு நிறம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பயணிகள் கணிசமாகக் கூடினார்கள்.

சரி, சண்டைக்கு வருவோம். புத்தகத்தின் வாதங்கள் பெரும்பாலும் அட்டவணையில் உள்ள இடைவெளியை வைத்துத்தான் நகர்கின்றன. நிறுத்தத்தில் நிற்பவருக்கு அட்டவணையா வருகிறது?

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 6 பஸ், சரியாக 10 நிமிடத்துக்கு ஒன்று. நேரம் பார்க்காமல் வந்து நிற்பவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே 6 பஸ் 2 நிமிடம், 18 நிமிடம், மறுபடி 2, 18 என்று வந்தால்? பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த 18 நிமிடப் பள்ளத்தில்தான் விழுவார்கள். சராசரி 8.2 நிமிடம். பஸ் ஒன்றுகூடக் குறையவில்லை, கவனியுங்கள். தாமதமான பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் கூட்டம் சேரும், ஏற்றுவதில் இன்னும் தாமதமாகும், பின்னால் வருவது காலியாக வந்து அதை ஒட்டிக்கொள்ளும். நியூவெல்லும் பாட்ஸும் 1964லேயே இதைக் கணிதமாக எழுதிவிட்டார்கள். எங்கள் தொழிலில் சர்வரின் சராசரி வேகத்தை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது, மோசமான 5 சதவீதம் எப்படி என்று கேட்பார்கள். பஸ்ஸுக்கும் அதைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். எங்கள் வீட்டில் சமைக்க வரும் அக்கா பதினோரு மணிக்கு வேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போகிறார். நமக்கு ஆஃப் பீக், அவருக்கு அதுதான் பீக். 2021 மே முதல் தமிழ்நாட்டில் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, ஆனால் சாதாரணக் கட்டண பஸ்களில் மட்டும். சென்னையில் 2022இல் அவற்றுக்குப் பிங்க் பெயின்ட் அடித்தார்களே, அந்த பஸ்கள். டீலக்ஸ் வந்தால் டிக்கெட் எடுக்க வேண்டும். மணிக்கு வரும் 6 பஸ்ஸில் 2தான் சாதாரணம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நிறுத்தம், எனக்குப் பத்து நிமிட இடைவெளி, அவருக்கு அரை மணி. இந்த இரண்டாவது இடைவெளிக்கு வாக்கரின் சிவப்புக் கோட்டில் இடம் இல்லை.

"ரெண்டு போச்சு தம்பி, ரெண்டும் காசு வண்டி," என்றார் ஒரு நாள். இருபது ரூபாய் பெரிய விஷயமா என்று எனக்குத் தோன்றியதை நல்லவேளை கேட்கவில்லை. தினம் மூன்று வீடு, நாலு பஸ்.

இப்போது பத்தே முக்காலுக்குக் கிளம்பிவிடுகிறார். சாம்பாரைக் கொதி பார்த்து இறக்குவது என் வேலை.