ஆறு மாச ஊசி: எந்த வைரஸை வைத்துச் சொல்கிறார்கள்?

"எச்ஐவிக்கு இனி தினமும் மாத்திரை வேண்டாம், வருஷத்துக்கு ரெண்டு ஊசி போதும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. முதலில் அதைப் பிரித்துவிடலாம்.

ஒன்று, தொற்று வராமல் தடுக்கும் லெனகாபவிர் ஊசி. 2024-ல் முடிவு வெளியான தென்னாப்பிரிக்கா, உகாண்டா ஆய்வில் இதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூட தொற்று வரவில்லை. இன்னொன்று, ஏற்கெனவே தொற்று உள்ளவர்களுக்கான சிகிச்சை. இதில் அதே லெனகாபவிருடன் டெரோபவிமாப், சின்லிர்விமாப் என்று இரண்டு ஆன்டிபாடிகளையும் சேர்த்து ஆறு மாசத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். என் குறிப்பு இந்த இரண்டாவதைப் பற்றியது.

இந்த ஆன்டிபாடிகள் வைரஸின் மேலுறையில் உள்ள புரதத்தை ஆளுக்கு ஓர் இடத்தில் பிடிக்கின்றன. வைரஸ் மாறி ஒரு பிடியிலிருந்து நழுவினாலும் மற்றது பிடிக்கும். லெனகாபவிர் உள்ளே இருக்கும் கூட்டைத் தாக்குகிறது. யோசனை நல்ல யோசனைதான்.

2025 மார்ச்சில் வந்த இரண்டாம் கட்ட முடிவில் மொத்தம் 80 பேர். கூட்டு மருந்து எடுத்த 53 பேரில் 96 சதவீதம் பேருக்கு 26 வாரம் கழித்தும் வைரஸ் அடங்கியே இருந்தது. மாத்திரையைத் தொடர்ந்தவர்களுக்கும் அதே 96 சதவீதம்.

எனக்குச் சிக்கலாகத் தெரிவது அடுத்த வரி. இரண்டு ஆன்டிபாடிக்கும் தங்கள் வைரஸ் அடங்கும் என்று சோதனையில் தெரிந்தவர்களை மட்டுமே ஆய்வில் சேர்த்தார்கள். மருத்துவ ரீதியாக அது சரியான முடிவு, அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனா செய்தி நம்மிடம் வரும்போது அந்த நிபந்தனை மட்டும் உதிர்ந்துபோகிறது. எங்கள் தொழிலில் சொன்னால், ஃபில்டர் செய்த டேட்டாவில் வந்த ரிசல்ட்டை மொத்த டேட்டாவின் ரிசல்ட்டாகக் காட்டுவது மாதிரி.

ஃபில்டர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏஎம்பி ஆய்வு இருக்கிறது. தடுப்புக்காக 4,600-க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து, விஆர்சி01 என்ற ஒற்றை ஆன்டிபாடியை எட்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. அந்த ஆன்டிபாடிக்கு நன்றாக அடங்கும் வைரஸ்களிடம் சுமார் 75 சதவீதப் பாதுகாப்பு. ஆனா ஆய்வு நடந்த இடங்களில் அப்படிப்பட்ட வைரஸ்கள் சுமார் 30 சதவீதம்தான். மொத்தக் கணக்கில் பார்த்தால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. கூட்டு மருந்துக்கு எல்லாரும் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த ஆய்வில் இந்தியா இல்லை. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் அதிகம் இருப்பது பி வகை வைரஸ், நம்மிடம் சி வகை. "தென்னாப்பிரிக்காவிலும் சி வகைதானே, அங்கே சோதித்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. இந்திய சி வகையும் தென்னாப்பிரிக்க சி வகையும் ஆன்டிபாடிகளிடம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்று இந்திய ஆய்வாளர்களே 2021-ல் எழுதியிருக்கிறார்கள்.

வேறு ஊரில் பலித்தது இங்கே பலிக்கும் என்று நம்பக் கூடாது என்பதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே நம்ம செங்கல்பட்டுதான். 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. 2.5 லட்சம் பேருக்கு மேல் சேர்த்தார்கள். பிரிட்டனில் சுமார் 80 சதவீதம் பாதுகாத்த தடுப்பூசி, இங்கே பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயிடம் ஒன்றும் செய்யவில்லை. 15 வருஷம் தொடர்ந்து பார்த்தும் அதே முடிவு. அங்கே காரணம் வேறு, இங்கே காரணம் வேறு. பாடம் ஒன்றுதான்: இங்கே சோதிக்காமல் இங்கே பலிக்கும் என்று சொல்லாதே.

"ஊசி" என்ற சொல்லும் பாதிதான் உண்மை. லெனகாபவிர் தோலுக்கடியில் போடும் ஊசி, ஒரு தடவைக்கு 927 மில்லிகிராம். ஆன்டிபாடிகளோ ஒவ்வொன்றும் 2,550 மில்லிகிராம், அதுவும் நரம்பு வழியாக டிரிப்ஸில் ஏற்றணும். ஒருவருக்கு வருஷத்துக்கு 10 கிராமுக்கு மேல் ஆன்டிபாடி! மாத்திரை மாதிரி வேதிமுறையில் செய்யக்கூடிய பொருளல்ல இது, உயிரணுக்களை வளர்த்து எடுக்கணும். தடுப்புக்கான லெனகாபவிரின் ஜெனரிக்கை 2027 முதல் வருஷத்துக்கு 40 டாலருக்குத் தருவதாக அறிவித்துவிட்டார்கள். அந்தக் கணக்கை ஆன்டிபாடிக்குப் போட முடியாது.

இவ்வளவு சொல்வதால் இந்த மருந்து வேண்டாம் என்று அர்த்தமில்லை. வேணும். இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். 2004 ஏப்ரலில் இலவச ஏஆர்டி தொடங்கிய முதல் மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இன்றைக்கு அரசு தரும் தினசரி ஒற்றை மாத்திரை நல்ல மருந்து. ஆனா மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்க வேண்டியவருக்கு, படாளம் மாதிரி எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த ஊரில் மாசாமாசம் "எங்க கிளம்பிட்டீங்க?" என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியவருக்கு, வருஷத்தில் இரண்டே நாள் என்பது பெரிய விடுதலை.

அதனால்தான் கேட்கிறேன். தமிழ்நாட்டில் இன்று பரவும் வைரஸ்களில் எத்தனை சதவீதம் இந்த இரண்டு ஆன்டிபாடிக்கும் அடங்கும்? மாத்திரையில் இருப்பவர் ரத்தத்தில் வைரஸ் அகப்படாது, உயிரணுவுக்குள் ஒளிந்திருக்கும் அதன் மரபணுவை எடுத்துத்தான் சோதிக்கணும். மெனக்கெட்ட வேலைதான், ஆனா செய்யக்கூடிய வேலை. மருந்து வந்து இறங்கிய பிறகு இதைத் தேட ஆரம்பித்தால் அதற்குள் பல வருஷம் போயிருக்கும். அடுத்த முறை "96 சதவீதம்" என்று யாராவது அனுப்பினால், "யாருடைய வைரஸில்?" என்று ஒரு கேள்வி திருப்பி அனுப்புங்கள்.