பட்டங்களுக்குப் பின்னால் ஒரு பத்திரிகையாசிரியர்

நாகூர் மகாவித்துவான் வா. குலாம் காதிறு நாவலரைப் பற்றி நமது சஞ்சிகைகளிலும் மீலாத் மலர்களிலும் வெளிவரும் கட்டுரைகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. பிறப்பு 1833, மறைவு 1908. நான்காம் தமிழ்ச் சங்கத்து நக்கீரர் என்ற சிறப்பு. நாகூர்க் கலம்பகம், நாகூர்ப் புராணம், ஆரிபு நாயகம் என நீளும் நூற்பட்டியல். வித்தியா விசாரிணி என்ற பத்திரிகையையும் நடத்தினார் என்பது எங்கோ ஓரத்தில் ஒரு வரியாக வந்துபோகும். பத்திரிகையையும் என்ற அந்த ‘உம்’மைப் பற்றியே இங்கு பேச வேண்டியிருக்கிறது. அந்த வாழ்வை விளங்கிக்கொள்ளும் திறவுகோல் அங்கேதான் கிடக்கிறது.

நாகூர்க் கலம்பகம் வெளிவந்தது 1878இல். அதற்கு ஐந்தாண்டுகளின் பின், ஐம்பது வயதை எட்டிய புலவர் பினாங்கில் வித்தியா விசாரிணியைத் தொடங்குகிறார். பிற்பாடு அது நாகூரிலிருந்து வெளியாயிற்று. மரபிலே ஊறிய ஒரு புலவருக்கு இது சிறிய மாற்றமன்று. கலம்பகத்துக்குப் பாட்டுடைத் தலைவர் உண்டு. அதை அரங்கேற்றச் சபை கூடும். ஆதரிக்கப் புரவலர் முன்வருவார். பத்திரிகைக்கோ சந்தாதாரர் வேண்டும். அவர் யாரென்று ஆசிரியருக்குத் தெரியாது. யாப்பறியாத அவருக்கும் விளங்கும்படி, குறித்த நாளில், உரைநடையில் எழுத வேண்டும். அவர் மறுத்தெழுதினால் பதில் சொல்லவும் வேண்டும். புரவலரை நம்பிய எழுத்திலிருந்து வாசகரை நம்பிய எழுத்துக்கு நகர்ந்த ஒரு தலைமுறையின் பயணத்தை இந்த ஒரு மனிதரிடமே காண்கிறோம்.

அவர் தனியாகவும் பயணிக்கவில்லை. 1882 டிசம்பரில் கண்டியில் அறிஞர் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபுவின் ‘சிங்கை நேசன்’ வந்தது. நாகூர், கண்டி, பினாங்கு, சிங்கப்பூர் என்று வணிகமும் ஸியாரத்தும் நடந்த கடல்வழியிலேயே அச்சுத்தாளும் நடக்கத் தொடங்கிய காலம் அது. கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் அதே தசாப்தத்தின் தொடக்கத்தில், 1880இல்தான். சித்திலெப்பை சட்டத்தரணி. எனவே அவரைப் பத்திரிகையாளராகவும் ‘அசன்பே சரித்திரம்’ (1885) எழுதிய நாவலாசிரியராகவும் ஏற்பதில் நமக்குச் சிரமமில்லை. குலாம் காதிறு நாவலர் புலவர் என்பதால், பத்திரிகையாளரைப் புலவருக்குள் மறைத்துவிட்டோம்.

இந்த மறைப்பினால் அவருடைய நூல்களையே நாம் சரியாக வாசிக்கவில்லை என்பது எனது கணிப்பு. இரண்டு உதாரணங்கள் போதும். உமறு பாஷா யுத்த சரித்திரம், ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் நாவலை வைத்து எழுதப்பட்டது. 1853 முதல் 1856 வரை நடந்த கிரைமியா யுத்தத்தின் உதுமானியத் தளபதியே அதன் நாயகர். ரெயினால்ட்ஸும் ஒரு பத்திரிகையாளர். சமகால யுத்தமொன்றைத் தமிழ் உரைநடைக்குக் கொண்டுவரும் துணிவு கலம்பகம் பாடிய கைக்கு எங்கிருந்து வந்தது? செய்தி எழுதிப் பழகிய அனுபவத்தைக் கணக்கிலெடுக்காமல் இதற்கு விடை காண்பது கடினம்.

மற்றையது 1903இல் வெளிவந்த மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் புலவராற்றுப்படை. பரிசில் பெற்ற புலவன் பெறாத புலவனை வள்ளலிடம் வழிப்படுத்துவதே ஆற்றுப்படை மரபு. நாவலர் புலவர்களை வழிப்படுத்துவது 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய சங்கத்தை நோக்கி. நூலகமும் அச்சகமும் ‘செந்தமிழ்’ சஞ்சிகையும் கொண்ட நிறுவனம் அது. யாப்பு பழையதுதான். ஆனால் புலவன் இனிச் செல்ல வேண்டிய இடம் ஒரு நிறுவனம் என்பதைச் சொல்வது பத்திரிகையாசிரியரின் பார்வை. இதைச் சங்ககால வடிவத்தின் மறுபதிப்பு என்று மட்டும் பாராட்டிவிட்டுப் போவது அரைகுறை வாசிப்பு.

பிறநாட்டு ஒப்பீடொன்றும் இங்கு உதவும். ஸ்கொட்லாந்தின் சார்ள்ஸ் மக்கே (1814–1889) பாடல்களால் புகழ்பெற்றவர். அவர் லண்டனில் பத்திரிகை ஆசிரியராயிருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ‘டைம்ஸ்’ நிருபராக நியூயோர்க்கில் பணியாற்றினார். இவ்விரு வாழ்வையும் பற்றித் தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதிவைத்தார். தன்வரலாறு எழுதும் வழக்கம் நமது புலவர் மரபில் அரிது. ஆகவே அந்தப் பொறுப்பு பின்வந்தோர் தலையில் விழுகிறது. நாமோ பட்டங்களை எண்ணிவிட்டு எழுந்துவிடுகிறோம்.

பத்திரிகை எழுத்து அன்றைய தினத்தோடு முடிவது, அதை இலக்கியமாகக் கொள்ளலாமா என்று கேட்போர் உள்ளனர். நியாயமான கேள்விதான். அதிற் பெரும்பகுதி இலக்கியமாகாது. ஆயினும் நமது உரைநடை எங்கே பழகியது, எந்த வாசகரை நோக்கித் திரும்பியது என்பதை அறிய அதைவிட நல்ல சான்று இல்லை.

பேராசிரியர் உவைஸின் ஆங்கில ஆய்வுநூலை 1953இல் எஸ். எம். ஹனிபாவின் தமிழ் மன்றம் வெளியிட்டது. மாத்தளைக்கு அயலிலுள்ள கல்ஹின்னை என்ற கிராமத்தில் வேரூன்றிய மன்றம் அது. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களை உலகறியச் செய்ததில் அத்தலைமுறையின் பங்கு பெரிது. அவர்கள் விட்ட இடத்திலிருந்து நாம் தொடர வேண்டும். மாத்தளை மாவட்டத்திலும் ஆசிரியராய், கவிஞராய், பிரதேச நிருபராய் ஒருசேர வாழ்ந்தவர்கள் பலர். அவர்களுடைய கவிதைகள் தொகுதியாகின்றன. நினைவு மலர்களும் வருகின்றன. அவர்கள் வீரகேசரிக்கும் தினகரனுக்கும் எழுதிய செய்திகளும் கட்டுரைகளும், வெட்டி ஒட்டிய கொப்பிகளில், வீட்டு அலுமாரிகளில் செல்லரிக்கின்றன. வீதி, பாடசாலை, வெள்ளம், கலவரம் என இந்த மாவட்டத்தின் அரை நூற்றாண்டு வரலாறு அவற்றில்தான் இருக்கிறது. அடுத்த நினைவு மலரைத் தொகுப்போர் ஒரு கவிதையைக் குறைத்தேனும் ஒரு செய்திக் கட்டுரையை, அது அச்சான திகதியோடு சேர்ப்பார்களாக. அந்தக் கொப்பிகள் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.